சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, அந்தப் பையோடேயே வந்து பின்வரிசையில் தம்பிகள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'மேலதிகாரியோடு உறவு கெட்டுப்போனால் ஊழியர் என்ன செய்வது?' தலைப்பைப் படித்ததும் முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிப்பின் பொருள் எனக்குப் புரிகிறது. பாஸ் இல்லாதவர் இந்த மண்டபத்தில் யார்? பாஸுக்கும் ஒரு பாஸ் உண்டு, அவருக்கும் மேலே ஒருவர் உண்டு. உங்களில் யாராவது பாஸையும் கூட அழைத்து வந்திருந்தால் ஒரு வேண்டுகோள்: நான் பேசும்போது தலையை ஆட்டாதீர்கள். நாளை திங்கட்கிழமை.

பாஸ் சரியில்லை என்று நாம் புலம்பும்போது நமக்குக் கிடைக்கும் அறிவுரை என்ன? ஊரிலிருந்து அம்மா போனில் சொல்கிறார், "கொஞ்சம் அனுசரிச்சுப் போப்பா." அறைத் தோழர் சொல்கிறார், "எந்தக் கம்பெனிலடா பாஸ் நல்லவன்?" பெரிய அலுவலகமாக இருந்தால் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள். அம்மாவும் தோழரும் பயிற்சியாளரும் மூன்று மொழியில் சொல்வது ஒன்றேதான். கோளாறு உன் மனத்தில் இருக்கிறது, அதைச் சரிசெய்துகொள்.

நான் இதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். நம் தமிழர்கள் சிங்கப்பூர், மலாயா மண்ணில் மோசமான மேலாளர்களைச் சந்தித்த கதை நூறாண்டுக்கு மேற்பட்டது. அந்தக் கதையில் பொறுமையால் எதுவும் மாறியதாக நான் படிக்கவில்லை. மாறிய இடங்களில் எல்லாம் இரண்டு விஷயங்கள் இருந்தன. கூட நின்ற ஆட்கள் இருந்தார்கள். கையில் ஒரு காகிதம் இருந்தது.

கதையைச் சொல்லவா?

ஆண்டு 1941. இடம் கிள்ளான். இங்கிருந்து வடக்கே, பாலம் தாண்டி, சிலாங்கூர் மாநிலத்து ரப்பர் தோட்டங்கள். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது, அரிசி விலையும் ஏறியது. பால்மரம் வெட்டும் தமிழருக்குக் கூலி மட்டும் அதற்கு ஈடாக ஏறவில்லை. பக்கத்தில் அதே வேலை செய்த சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி தமிழனுக்குக் கிடைக்கவில்லை. அப்போது ஆர். எச். நாதன் என்ற தமிழ்ப் பத்திரிகையாளர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றார். தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது.

அவர்கள் என்ன கேட்டார்கள்? இங்கேதான் நீங்கள் காதைக் கூர்மையாக்க வேண்டும். சீனருக்கு இணையான கூலி கேட்டார்கள். அது எதிர்பார்க்கக் கூடியது. பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோயாளிக்கு மருத்துவம் கேட்டார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக வழி விடுங்கள் என்றார்கள். நம் பெண்கள் மீது கை வைப்பதை நிறுத்துங்கள் என்றார்கள். கொடுமை செய்யும் அதிகாரிகளை மாற்றுங்கள் என்றார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொன்று இருந்தது. தோட்டத்தின் வெள்ளைக்கார மேலாளரான துரையோ, அலுவலகத்துக் கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். நாங்கள் இறங்க மாட்டோம், சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக எங்களுக்கு அனுமதி வேண்டும் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். பசியில் இருப்பவன் அரிசியைக் கேட்கிறான், கூடவே சைக்கிளையும் கேட்கிறான். இது அற்பமா? அற்பமே இல்லை. கூலி குறைவு என்பது மாதம் ஒருமுறை உறைக்கும். சைக்கிளை விட்டு இறங்குவது தினமும் உறைக்கும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது இறங்க வேண்டும். மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது இறங்க வேண்டும். மேலதிகாரியோடு உறவு கெட்டுப்போவது என்று இன்று நாம் நாகரிகமாகச் சொல்கிறோமே, அது இதுதான்.

அந்தப் பட்டியலில் மற்றொரு வரியும் உண்டு. குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்ற வரி. அதை மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

போராட்டம் என்னவாயிற்று? மே மாதம் நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தொழிலாளர் கொதித்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. பலர் சிறைக்குப் போனார்கள், பலர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள்.

அந்தத் தோட்டங்களில் துரைக்குக் கீழே இன்னொரு மேலாளர் இருந்தார். கங்காணி. நம் ஆள். நம் ஊர்க்காரர், பல நேரம் நம் சாதிக்காரர், உறவுக்காரர். ஊருக்குப் போய் ஆள் சேர்த்து அழைத்து வந்தவர் அவர். அவர் கூட்டி வந்த ஆட்கள் எத்தனை பேர் காலையில் வேலைக்கு வந்தார்களோ அந்தக் கணக்குக்கு அவருக்குத் தலைக்காசு. நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவருக்கு வருமானம் குறையும். அப்படியானால் உங்கள் காய்ச்சலை அவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்? 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை இப்படி உதவி கொடுத்து அனுப்புவதற்குத் தடை போட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு அதோடு முடிந்தது.

முடிந்ததா? இந்தக் கேள்வியைக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிகளிடம் கேட்டால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இன்று துவாஸில் ஒரு சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி முதலாளி சீனராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அவரைத் தம்பி மாதம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. தினமும் பார்ப்பது சூப்பர்வைசரை. அவர் புதுக்கோட்டைக்காரர், இவர் பக்கத்து ராமநாதபுரம். அவரை இவர் 'அண்ணே' என்கிறார். இவரை அவர் 'தம்பி' என்கிறார். கூடுதல் நேர வேலையான ஓட்டியை யாருக்குப் போட வேண்டும், யாரை ஞாயிறன்று வரச் சொல்ல வேண்டும், யாருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்கலாம் என்று கம்பெனிக்குச் சொல்லப்போவது அந்த அண்ணன்தான்.

அண்ணன் நல்லவராக இருந்துவிட்டால் அதைப் போல் பாதுகாப்பு வேறில்லை. ஊரில் அப்பா இறந்தால் கையில் இருக்கும் காசைக் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிடும் அண்ணன்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அண்ணன் கெட்டவராக இருந்துவிட்டால்? அண்ணன் மேல் எப்படிப் புகார் கொடுப்பது? நாளை ஊர்த் திருவிழாவில் அவர் குடும்பத்தை எப்படிப் பார்ப்பது? துரையை எதிர்த்தபோது நம்மவர்களுக்கு இந்தச் சங்கடம் இருக்கவில்லை. உறவு முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டோம் என்பதற்காகச் சம்பளக் கணக்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே கணக்குக் கேட்கலாம். இதை வெட்கப்படாமல் சொல்லப் பழக வேண்டும்.

சரி, புகார் கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? சும்மா இருக்கிறார்களா? மனிதன் சும்மா இருக்கிற பிராணி இல்லை. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978 முதல் 1980 வரை அண்டை நாடான மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கியிருந்தார். பணக்கார நிலக்காரரை ஏழை விவசாயிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தார். 1985இல் புத்தகமாக எழுதினார். அவர்கள் கொடி பிடிக்கவில்லை. வேலையை மெதுவாகச் செய்தார்கள். புரியாததுபோல் நடித்தார்கள். முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். வதந்தி கிளப்பினார்கள். இவையெல்லாம் பலவீனமானவர்களின் ஆயுதங்கள் என்றார் ஸ்காட்.

இதற்கு நாம் கெடாவுக்குப் போக வேண்டுமா? "புரியலை பாஸ்" என்று சொல்லிவிட்டு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் நிற்கும் தம்பியை நீங்கள் பார்த்ததில்லையா? அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. அலுவலகத்திலும் இதே கதைதான். 'நோட்டட்' என்று ஒற்றைச் சொல்லில் மின்னஞ்சல் அனுப்புவார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை வசவு இருக்கிறது என்பது அனுப்பியவருக்குத்தான் தெரியும். பாஸ் இல்லாத வாட்ஸ்அப் குழு இல்லாத அலுவலகம் சிங்கப்பூரில் உண்டா? அதற்குள் பாஸுக்கு என்ன பெயர் என்று நான் இங்கே கேட்கப்போவதில்லை.

இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிரிப்பு மனிதனைக் காப்பாற்றும். ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டப்பெயரால் பாஸ் மாறுவதில்லை. வேலையை இழுத்தடிப்பதால் வரும் தாமதத்தைச் சுமப்பது பல நேரம் பக்கத்தில் நிற்கும் சக ஊழியர். கட்டுமானத் தளத்திலோ, புரியாததுபோல் நடிப்பதும் உண்மையிலேயே புரியாமல் கேட்கப் பயப்படுவதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். சாரத்தின் மேல் நிற்பவருக்கு அந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. திட்டுவார் என்று பயந்து, 'இந்தப் பலகை ஆடுகிறது' என்று சொல்லாமல் விட்ட தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கெட்ட மேலாளர் என்பது மனத்தாங்கல் மட்டும்தான் என்று யார் சொன்னது?

உடம்பும் இதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. லண்டன் வைட்ஹாலில் அரசு அலுவலக ஊழியர்களை 1967இலிருந்து ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 18,000 ஆண்கள். எல்லாரும் அரசு ஊழியர்கள், எல்லாருக்கும் நிலையான சம்பளம். இருந்தும் கடைநிலையில் இருந்தவர்கள் உச்சியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இதய நோயில் இறந்தார்கள். சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வேறுபாடு முழுவதுமாக மறையவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மைக்கேல் மார்மட் குழுவினர் ஒரு காரணத்தைத் தொட்டார்கள். தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் யாருக்குக் குறைவோ, அவர்களுக்கு இதய நோய் அதிகம். உழைப்பு மட்டும் மனிதனைக் கொல்வதில்லை. எதற்கெடுத்தாலும் இன்னொருவர் முகத்தைப் பார்த்து நிற்பதும் கொல்கிறது.

அப்படியானால் விட்டுவிட்டுப் போய்விடலாமே? பாஸ் சரியில்லையா, வேலையை மாற்று. எவ்வளவு சுலபமான யோசனை! ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதிய ஒரு சிறிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். ஓர் அமைப்பு கெட்டுப்போனால் அதில் இருப்பவர் வெளியேறலாம், அல்லது குரல் எழுப்பலாம். விசுவாசம் இருந்தால் வெளியேறாமல் இருந்து குரல் எழுப்புவார். வெளியே போக முடியும் என்பவரின் குரலுக்கு எடை கூடும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. அருமையான வாதம். ஆனால் சிங்கப்பூரில் வெளியேறும் கதவு எல்லாருக்கும் ஒரே அகலத்தில் இருக்கிறதா?

ராஃபிள்ஸ் பிளேசில் வேலை செய்யும் சிங்கப்பூர்க்காரர் இன்று ராஜினாமா கடிதம் கொடுக்கலாம். வீட்டுக் கடன் இருக்கும், கவலை இருக்கும், ஆனால் நாடு இருக்கும். சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை செய்யும் சென்னைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சம்பளம், எம்ப்ளாய்மென்ட் பாஸ். வேலை போனால் வழக்கமாக 30 நாள் தங்கலாம். பிள்ளை இங்கே மூன்றாம் வகுப்பு, வாடகை ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். அந்த 30 நாள் அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் பாஸ் அவரை அவமானப்படுத்தும்போது அவர் ஏன் புன்னகை செய்கிறார் என்று இப்போது தெரிகிறதா?

பெர்மிட்டில் வேலை செய்யும் தம்பிக்கு இன்னும் குறுகல். அவருடைய பெர்மிட்டில் முதலாளியின் பெயர் இருக்கிறது. பெர்மிட்டை ரத்து செய்தால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் வட்டியோடு காத்திருக்கிறது. கட்டுமானம், கப்பல் பட்டறை, பதப்படுத்தும் ஆலைத் துறைகளில் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு முதலாளிக்கு மாறலாம் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள், வெறும் இருபது நாள்தான். அது வருவதற்குள் எத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது?

வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகளைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்குப் பாஸ் இருக்கும் இடமே வீடு. மாலை ஆறு மணிக்கு லாரி வந்து அவர்களை டார்மிட்டரிக்கு ஏற்றிப்போகாது. வேலை நியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. 2013இல் வார ஓய்வு நாள் சட்டமானது. ஆனால் அதைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற ஓட்டை இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒரு நாளாவது பணமாக மாற்றாமல் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்று மாற்றினார்கள். மாதத்துக்கு ஒரு நாள்! பாஸின் கண்ணில் படாமல் மூச்சுவிட மாதத்துக்கு ஒரு நாள்.

வள்ளுவரை இழுக்காமல் தமிழ்ச் சொற்பொழிவு முடியுமா என்று நீங்கள் காத்திருப்பது தெரிகிறது. இழுக்கிறேன். திருக்குறளில் எழுபதாவது அதிகாரம், மன்னரைச் சேர்ந்தொழுகல். பாஸோடு எப்படிப் பழகுவது என்பதற்கு அதைவிடக் கூர்மையான கையேடு இல்லை. மிக நெருங்காதே, மிக விலகாதே என்று தொடங்கி, அவர் முன்னால் இன்னொருவர் காதில் கிசுகிசுத்துச் சிரிக்காதே என்பதுவரை சொல்லியிருக்கிறார். மேலாண்மைப் பயிற்சியாளர்கள் இந்தப் பத்துக் குறளை விருப்பமாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் கேட்பது வேறு. ஊழியனுக்கு இந்தப் பத்து. அரசனுக்கு? அரசியல் என்று இருபத்தைந்து அதிகாரங்கள் முழுவதும் அரசனுக்குத்தான். குடிகள் அஞ்சும்படி நடக்காதே என்பதற்கே தனி அதிகாரம் இருக்கிறது. தவறு செய்தால் இடித்துச் சொல்லும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாத அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். அந்தப் பக்கத்தை எந்த நிறுவனத்திலாவது மேலாளர் பயிற்சியில் பாடமாக வைத்திருக்கிறார்களா? நாம் நமக்குச் சொன்னதை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். காகிதம் என்றால் என்ன? சம்பளச் சீட்டு. 2016 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு ஊழியருக்கும் விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓட்டி எத்தனை மணி, எதற்காக எவ்வளவு பிடித்தம் என்று அதில் இருக்க வேண்டும். முன்பு எப்படி? "இந்த மாசம் இவ்வளவுதான்" என்று ஒரு வாய்ச் சொல். கேட்டால் கோபம். ஒரு துண்டுக் காகிதம் வந்தபின் கேள்வி கேட்பதன் தன்மையே மாறிவிட்டது. "ஏன் பாஸ் குறைச்சீங்க?" என்று கேட்டால் அது சண்டை. "பாஸ், இந்த வரியில் பன்னிரண்டு மணி ஓட்டி போட்டிருக்கு, என் கணக்கில் இருபது இருக்கு" என்றால் அது கணக்கு. சண்டையில் பெரிய குரல் ஜெயிக்கும். கணக்கில் குரலுக்கு வேலை இல்லை.

அதற்கு 'என் கணக்கு' என்று ஒன்று வேண்டும் அல்லவா? ஆகவே தம்பிகளே, ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வேலை ஏறினேன், எத்தனை மணிக்கு இறங்கினேன், எந்த சைட். தினமும் எழுதுங்கள். திட்டு வாங்கினால் அதையும் எழுதுங்கள்: தேதி, இடம், என்ன வார்த்தை, யார் பக்கத்தில் இருந்தார்கள். வருத்தத்தை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். போனில் எழுதினாலும் சரி. ஆனால் அந்தப் போன் கம்பெனிப் போனாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளி சட்டப்படி குற்றம் செய்கிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் காகிதம்.

முன்பு மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் வாங்கும் மேலாளர்களுக்கும் நிபுணர்களுக்கும் வேலை நியமனச் சட்டத்தில் இடமில்லை. 2019 ஏப்ரலில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். தவறான பணிநீக்க வழக்குகளும் அப்போதிலிருந்து, 2017இல் தொடங்கிய வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகின்றன. அதற்கு முன் தகராறு தீர்க்கும் முத்தரப்புக் கூட்டணியில் சமரசப் பேச்சு நடக்கும். 20,000 வெள்ளி வரை கோரலாம். தொழிற்சங்கத்தின் துணையோடு சமரசப் பேச்சுக்குப் போனால் 30,000 வரை. இந்தப் பத்தாயிரம் வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? கூட ஒரு ஆள் நின்றால் சட்டமே கூடுதல் மதிப்புக் கொடுக்கிறது.

சட்டத்தால் முடியாததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களுக்குப் பொய்யான தைரியம் கொடுத்தவன் ஆவேன். சம்பளம் பாக்கி என்றால் கோரலாம். காரணமில்லாமல் நீக்கினால் கோரலாம். கட்டாயப்படுத்தி ராஜினாமா எழுதி வாங்கினால் அதையும் பணிநீக்கமாக வாதாடலாம். எல்லை மீறிய மிரட்டலுக்கும் அவமதிப்புக்கும் 2014இன் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வள்ளென்று விழும் பாஸ், செய்த வேலைக்கு நல்ல வார்த்தை சொல்லாத பாஸ், உங்கள் யோசனையைத் தன் யோசனையாக மேலே கொண்டுபோகும் பாஸ், இவர்கள் மேல் வழக்குப் போட முடியாது. வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், சமயம், பாலினம், கர்ப்பம், உடற்குறை, மனநலம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க இயற்றப்பட்டது. எல்லாரையும் சமமாகத் திட்டும் பாஸ் அதிலிருந்து தப்பித்துவிடுவார். சமத்துவத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

இருந்தும் அந்தச் சட்டத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். ஏன்? கிள்ளான் பட்டியலில் ஒரு வரியைக் குறித்து வைக்கச் சொன்னேனே, இப்போது எடுங்கள். குறை சொல்பவரைப் பழிவாங்காதே. 1941இல் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் அதைக் கேட்டதற்குச் சிறை கிடைத்தது. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தில், நிறுவனங்கள் குறைகளை விசாரிக்க முறையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், பாகுபாட்டையோ துன்புறுத்தலையோ பற்றிப் புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எண்பத்து நான்கு ஆண்டு! 25 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நம் சிராங்கூன் சாலைக் கடைகளில் பாதிக்குமேல் அந்த விலக்குக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன். கடை முதலாளிகள் இங்கே இருக்கிறீர்கள். விலக்கு கிடைத்திருப்பது சட்டத்திலிருந்துதான், எங்கள் கண்ணிலிருந்து இல்லை.

இனி ஆட்கள். 1952 மே மாதம் சிங்கப்பூரில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், இந்தியர்கள். காக்கிச் சட்டை போட்டு வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோனவர்கள். அவர்களுக்காகப் பேச ஓர் இளம் வழக்கறிஞர் இருந்தார், பெயர் லீ குவான் இயூ. அவர்கள் பக்கத்து நியாயத்தைச் செய்தித்தாளில் எழுத ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்தில் பிறந்த நம் எஸ். ராஜரத்தினம். தபால்காரர்களிடம் துணிவு இருந்தது. அந்தத் துணிவை மேசையில் வைத்துப் பேச ஒரு வக்கீலும், ஊரறியச் செய்ய ஒரு பேனாவும் வந்து சேர்ந்தன. சில வாரங்களில் அரசு இறங்கி வந்தது.

இன்றைக்குத் துணை எங்கே கிடைக்கும்? தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் அமைத்த வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு 2008இலிருந்து இதே லிட்டில் இந்தியாவில், கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரில், வழக்கு முடியக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. காயம்பட்டவர், சம்பளம் வராதவர், வேலை செய்யவும் முடியாமல் ஊருக்குப் போகவும் முடியாமல் நடுவில் நிற்பவர். சாப்பாட்டுக்குப் போய் நின்ற வரிசையில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது, இது தனக்கு மட்டும் நடந்ததில்லை என்று. என் பாஸ் என்னை மட்டும்தான் வெறுக்கிறார், என்னிடம்தான் ஏதோ குறை என்று மாதக்கணக்கில் நினைத்திருந்தவர், இன்னும் நான்கு பேரின் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார். அலுவலகத்திலும் இதைச் செய்து பாருங்கள். தனியாகப் போய்ப் பேசினால் 'இவருக்குப் பிரச்சினை' என்பார்கள். மூன்று பேர் சேர்ந்து, மரியாதையாக, தேதி குறித்த காகிதத்தோடு போனால் 'இங்கே ஒரு பிரச்சினை' என்பார்கள்.

மேலாளராக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கும் மேலிருந்து நெருக்கடி வருகிறது என்பது தெரியும். மேலே வாங்குவதை அப்படியே கீழே இறக்கிவிடுகிறீர்கள். கங்காணியும் அதைத்தான் செய்தார். உங்களிடம் வந்து ஒருவர் குறை சொன்னால், அவர் எத்தனை இரவு தூங்காமல் அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருப்பார் என்று ஒரு நிமிடம் நினையுங்கள். குறை சொல்ல யாருமே வருவதில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், வாட்ஸ்அப் குழு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போகும் முன் பின்வரிசைத் தம்பிகளுக்காக ஒரு தேதிக் கணக்கு. வேலையிலிருந்து போனபிறகு சம்பளப் பாக்கி கேட்க, கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே கேட்பதானால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடம். தவறாக நீக்கிவிட்டார்கள் என்று முறையிடவோ ஒரே ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தைத்தான் பலர் அறையில் படுத்து, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று யோசித்தே கழித்துவிடுகிறார்கள். யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே சம்பளச் சீட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், கூட்டம் முடிந்ததும் நான் வாசல் பக்கம்தான் நிற்பேன், வந்து கேளுங்கள்.